சின்னப் பிள்ளைகளுக்கான உடல் பாதுகாப்பு வகுப்பு: இரண்டு சனிக்கிழமை போய்வந்த அனுபவம்

மதுரை கே.கே.நகர் பக்கம் ஒரு வீட்டின் மாடி ஹாலில் நடக்கும் வகுப்பு இது. 4 வயதிலிருந்து 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, பெற்றோரோடு சேர்த்து, இரண்டு சனிக்கிழமை, காலை 10 மணியிலிருந்து பன்னிரண்டரை வரை. ஒரு பிள்ளைக்கு 1,200 ரூபாய், கூடப் பிறந்த பிள்ளைக்குப் பாதிக் கட்டணம். எனக்கு 7 வயதில் மகள், நாலரை வயதில் மகன், ஆக 1,800 ரூபாய் ஆனது. நடத்துகிற அக்காவின் பெயரையும் இடத்தின் பெயரையும் இங்கே போடவில்லை. ரொம்பப் பிடித்ததையும் எழுதப் போகிறேன், கோபம் வந்ததையும் எழுதப் போகிறேன், பெயர் போட்டுவிட்டு இரண்டையும் சரியாகச் சொல்ல முடியாது.

போனதற்குக் காரணம் மேலூரில் ஒரு காதுகுத்து. உறவுக்காரர் ஒருவர் என் மகனைத் தூக்கி, அவன் திமிறத் திமிற இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பாசம்தான், வேறு எதுவும் இல்லை, அது எனக்கும் தெரியும். அவன் அழுதான். நான் என்ன செய்தேன் என்றால், "மாமாதானே சாமி, அழக்கூடாது, திருப்பி ஒரு முத்தம் குடு" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ராத்திரி படுக்கும்போது அவன், "நான் வேண்டாம்னு சொன்னேன்லம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. வேண்டாம் என்று அவன் சொன்னதை நான்தான் எல்லோர் முன்னாலும் செல்லாததாக்கியிருக்கிறேன். அடுத்த வாரமே பணம் கட்டிவிட்டேன்.

முதல் நாள் முதல் ஒரு மணி நேரம் பெற்றோருக்கு மட்டும். பிள்ளைகளைப் பக்கத்து அறையில் படம் வரைய உட்கார வைத்திருந்தார்கள். அங்கே எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள், கதவு முழுக்கத் திறந்தே கிடந்தது, பாத்ரூம் போகணும் என்று எழுந்த பிள்ளையை அவரவர் அம்மாவையோ அப்பாவையோ கூப்பிட்டுத்தான் அனுப்பினார்கள். இதையெல்லாம் பெருமையாக அறிவிக்கவில்லை, தன்பாட்டுக்கு அப்படி நடந்தது. எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது இதைப் பார்த்துத்தான். பாட்டு கிளாஸ், கராத்தே கிளாஸ், டியூஷன் எதில் சேர்ப்பதாக இருந்தாலும் இனி இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பேன்.

அக்கா எங்களிடம் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, வீட்டில் அந்தரங்க உறுப்புகளுக்குச் சொல்லும் பெயரை எழுதச் சொன்னார். பத்து நிமிஷம் யாரும் பேனாவைத் திறக்கவில்லை. அப்புறம் வந்த சீட்டுகளில் குஞ்சு, சூச்சூ, பூ, "அங்க" என்று என்னென்னமோ இருந்தது. பாதிக்கு மேற்பட்ட சீட்டில் இருந்தது "ஷேம் ஷேம்". நாங்களும் அதைத்தான் எழுதியிருந்தோம். பிள்ளை குளித்துவிட்டு அம்மணமாக ஓடிவந்தால் ஷேம் ஷேம் என்று எல்லோரும் கத்துவோம், அது பிறகு உறுப்புக்கே பெயராகிவிடும். அக்கா சொன்னது இதுதான்: ஒரு உறுப்புக்கு வெட்கம் என்றே பெயர் வைத்துவிட்டால், அந்த இடத்தில் ஏதாவது நடந்தால் பிள்ளை அதைத் தன்னுடைய வெட்கமாக நினைத்து மூடிவைக்கும், நம்மிடம் வந்து சொல்ல அதனிடம் வார்த்தையும் இருக்காது. ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, மார்பு, பிட்டம் என்று நேராகச் சொல்லிக் கொடுங்கள், வீட்டுப் பெயர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கூடவே இதுவும் தெரியட்டும் என்றார். பாடப்புத்தக வார்த்தை மாதிரி இருக்கிறதே என்று ஒருத்தர் கேட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் வீட்டில் குளிக்க வைக்கும்போது முழங்கை, முட்டி, ஆணுறுப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே சோப்புப் போட்டேன். அவன் முட்டிக்கு எப்படித் தலையாட்டினானோ அதே மாதிரி இதற்கும் ஆட்டினான். சங்கடம் எல்லாம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

இன்னொரு விஷயம், வந்திருந்த 14 குடும்பத்தில் 11 குடும்பம் பெண் பிள்ளைகளை மட்டும்தான் கூட்டி வந்திருந்தார்கள். ஒரு வீட்டில் பையன் இருந்தும் அவனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். என் மாமியாரும் கிளம்பும்போது "பொட்டப்புள்ளைக்குச் சரி, பயலுக்கு எதுக்கு?" என்றுதான் கேட்டார். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டதில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள், அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். சட்டமும் வித்தியாசம் பார்ப்பதில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரும் குழந்தைதான், பையனும் சரி பொண்ணும் சரி. மகன் வைத்திருக்கிறவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

பிள்ளைகளோடு நடந்த பகுதிக்கு வருகிறேன். பள்ளிகளில் எல்லாம் குட் டச், பேட் டச் என்று சொல்லித் தருகிறார்கள். இங்கே அந்த வார்த்தையே வரவில்லை. ஊசி போட்டால் வலிக்கும், அப்போது அது பேட் டச்சா? தப்பாகத் தொடுகிறவர் சாக்லேட் கொடுத்து மெதுவாகத் தடவிக் கொடுத்தால் பிள்ளைக்கு அது நன்றாகத்தான் இருக்கும், அப்போது அது குட் டச்சா? போதாததற்கு, பேட் என்று சொன்னாலே தான் கெட்ட பிள்ளையாகிவிட்டோம் என்று சின்னப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். அதனால் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பில்லாத தொடுதல் என்றுதான் சொல்லிக் கொடுத்தார். சென்னையில் 2004 முதல் இந்த வேலையைச் செய்துவரும் துளிர் அமைப்பு போன்றவர்கள் பல வருடமாகச் சொல்லிவருவதும் இதைத்தான். அக்கா இதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: பிடிக்காத தொடுதல். கன்னத்தைக் கிள்ளுவது, விடாமல் கிச்சுகிச்சு மூட்டுவது, இறுக்கிக் கட்டிப்பிடிப்பது. ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் பெரியவர்கள் நிறுத்த வேண்டும். காதுகுத்து வீட்டில் நடந்ததற்கு அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது.

ஒரு அப்பா நல்ல கேள்வி கேட்டார்: தடுப்பூசி வேண்டாம், பல் தேய்க்க வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தால்? அக்கா மழுப்பவில்லை. உடம்புக்கு அவசியமானதில் பிள்ளைக்கு வேண்டாம் சொல்லும் உரிமை கிடையாது, அதை முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுங்கள், எந்தக் கையில் ஊசி, யார் மடியில் உட்காருவது என்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள், வலிக்கவே வலிக்காது என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள் என்றார்.

விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது வளைய விளையாட்டு. பிள்ளை ஒரு பெரிய பிளாஸ்டிக் வளையத்துக்குள் நிற்க வேண்டும், எதிரே ஒருவர் மெதுவாக நடந்து வர வேண்டும், போதும் என்று தோன்றும் இடத்தில் பிள்ளை "நில்" என்று சொல்லும். உதவிக்கு இருந்த அண்ணனை என் மகன் அறையின் பாதியிலேயே நிறுத்தினான். கூடப் பிறந்த அக்காளை மூன்றடியில் நிறுத்தினான், முடியைப் பிடித்து இழுப்பாளாம். என்னை நில் என்று சொல்லவே இல்லை, வளையத்துக்குள் வந்து தூக்கிக்கொண்டேன். அப்புறம் ஆட்டத்தைத் திருப்பிப் போட்டார்கள், இப்போது நாங்கள் வளையத்தில் நின்று நில் சொல்ல, பிள்ளைகள் நிற்க வேண்டும். இது முக்கியம். தன் எல்லையைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்தவர் எல்லையில் நிற்கவும் தெரிய வேண்டும், நம்மூரில் பையன்களுக்கு இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்லித் தருவதே இல்லை.

அப்புறம் ரகசியம். சர்ப்ரைஸ் என்றால் ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெரிந்ததும் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், உதாரணத்துக்குப் பிறந்தநாள் கேக். "யார்கிட்டயும் எப்பவும் சொல்லக்கூடாது" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை உடனே வந்து சொல்ல வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் என் அம்மா பேரனுக்குச் சளி பிடித்திருக்கும்போது ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு "அம்மாகிட்ட சொல்லாத, என்ன?" என்பார். நானும் கடையில் ஏதாவது வாங்கினால் "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்பேன். பெரியவர்கள் சொல்லும் ரகசியத்தைக் காப்பாற்றினால் சமத்துப் பிள்ளை என்று இரண்டு பேரும் சேர்ந்து பழக்கிவைத்திருக்கிறோம். அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் செய்து, ஐஸ் வேண்டுமானால் கொடுங்கள், ஒளித்து மட்டும் கொடுக்காதீர்கள் என்றேன்.

இனி எங்கள் வீட்டையே உலுக்கிய பகுதி. ஒரு தாளில் பிள்ளையின் கையை வைத்துச் சுற்றி வரைந்து, பயமாகவோ குழப்பமாகவோ ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வாய் என்று ஐந்து விரலிலும் ஐந்து பேரை எழுதச் சொன்னார்கள். மகன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: அம்மா, அக்கா, அப்பத்தா, பால்வாடி டீச்சர், தெருமுனைக் கடைப் பாட்டி. மகள் தானே எழுதினாள். அம்மா, அம்மாச்சி, அத்தை, வகுப்பு டீச்சர். கட்டைவிரல் காலியாக இருந்தது. அப்பா பெயர் இல்லை. ஏன் தங்கம் என்று கேட்டேன். "அப்பா கத்துவாரு" என்றாள். அவர் அடிக்கிறவர் இல்லை, பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறவர். ஆனால் பென்சிலைத் தொலைத்தாலும் சத்தம், தண்ணீரைக் கொட்டினாலும் சத்தம். பென்சில் தொலைந்ததற்கே கத்துகிறவரிடம் இதைவிடப் பெரியதை எப்படிப் போய்ச் சொல்வது என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள், கணக்கில் தப்பே இல்லை. என் பெயர் இருந்ததே என்று எனக்கும் நிம்மதி வரவில்லை, மூன்று மாதத்துக்கு முன்னால் இதே தாளைக் கொடுத்திருந்தால் மகன் என் பெயரைச் சொல்லியிருப்பானா என்றுதான் ஓடியது.

வீட்டுக்கு வந்து தாளை அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சனிக்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு அவரும் வந்தார். இப்போது இரண்டு மாதமாகிறது. தாள் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. கட்டைவிரல் இன்னும் காலிதான். அவர் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதுதான் சரி என்று நினைக்கிறேன், சத்தம் குறைந்திருக்கிறது என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்.

அப்பத்தா விஷயமும் சொல்லிவிடுகிறேன், நிறைய வீட்டில் இதுதான் சிக்கலாக இருக்கும். முத்தம் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்றதும் என் மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. "எம்பேரனைத் தொட நான் யாருகிட்ட கேக்கணும்?" என்றார். அவர் வளர்த்த பிள்ளைகள் நாலு பேர், எனக்கு இரண்டு பிரசவமும் பார்த்தவர், அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிட்டது. இதற்கு எப்படிப் பேசுவது என்று வகுப்பில் சொல்லித் தந்தது உதவியது: உங்களுக்காக இல்லை அத்தை, உங்களிடம் வேண்டாம் சொல்லிப் பழகினால்தான் நாளைக்கு வெளியாளிடம் அவனுக்கு வாய் வரும் என்று சொன்னேன். அவர் முழுசாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கன்னத்தைக் கிள்ளுவதை விட்டுவிட்டார். விருந்தாளி வந்தால் கும்பிடலாம், கை கொடுக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், எது வேண்டுமோ அதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும் என்று வைத்திருக்கிறோம். மரியாதை குறையவில்லை, பெரும்பாலும் கும்பிட்டுவிட்டு ஓடிவிடுகிறான்.

குறைகளுக்கு வருகிறேன். கையில் கொடுத்த 24 பக்கப் புத்தகத்தில் எழுத்து தமிழ், ஆனால் வீடு நம் வீடு இல்லை. பிள்ளைக்குத் தனி அறை, தனிக் கட்டில், "கதவைத் தட்டிவிட்டு வா" என்று பலகை. வந்திருந்தவர்களில் எங்களையும் சேர்த்துப் பாதிப் பேர் இரண்டு அறை போர்ஷனில் இருக்கிறோம், ராத்திரி ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கிறோம், தட்டுவதற்குக் கதவே கிடையாது. கேட்டதும் அக்கா யோசித்து, கயிற்றில் ஒரு பழைய சேலையைத் திரையாகப் போடுங்கள், திரை இழுத்திருந்தால் அப்பா உட்பட யாரும் குரல் கொடுக்காமல் வரக்கூடாது என்று வையுங்கள் என்றார். அதைத்தான் செய்தோம், மகளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். இது புத்தகத்திலேயே இருந்திருக்க வேண்டும். அந்தரங்கம் வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்ற நினைப்பு ஒரு பிள்ளைக்கும் வந்துவிடக்கூடாது. இன்னொன்று, ஐரோப்பாவில் பரப்பிய உள்ளாடை விதியை, அதாவது உள்ளாடை மூடும் இடத்தை யாரும் தொடக்கூடாது என்பதை, புத்தகம் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. உதடும் தொடையும் அதில் வராது. அக்கா வாயால் சேர்த்துச் சொன்னார், அச்சில் இல்லை.

கடைசியில் பாடவைத்த பாட்டும் எனக்கு உறுத்தியது. நான் தைரியசாலி, கத்துவேன், ஓடுவேன் என்று வரும். பயத்தில் பெரியவர்களுக்கே குரல் வராது. கத்த முடியாமல் உறைந்துபோன பிள்ளை, நான் கத்தவில்லையே, அப்போது தப்பு என்னுடையதோ என்று நினைத்துவிட்டால்? காப்பாற்ற வேண்டியது நம் வேலை. நாலு வயதுப் பிள்ளையின் தொண்டையில் அந்தப் பாரத்தை ஏற்றக்கூடாது. அக்காவிடம் சொன்னேன், "கத்த முடியலன்னாலும் பரவாயில்ல, எப்ப வேணும்னாலும் வந்து சொல்லலாம்" என்று ஒரு வரி சேர்க்கிறேன் என்றார்.

ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஐந்தே நிமிஷம்தான் ஒதுக்கினார்கள், இது பெரிய குறை. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள், முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், சொன்னது நல்லது, உன் மேல் தப்பு இல்லை என்று சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து விசாரணை நடத்தாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யலாம், பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417ம் இருக்கிறது. போலீஸ் என்றதும் பயப்பட வேண்டாம், போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோதான் வாங்க வேண்டும், முடிந்தவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக்கூடாது, பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக்கூடாது, அடையாளம் வெளியே போகக்கூடாது. தெரிந்தும் புகார் கொடுக்காமல் குடும்ப மானம் என்று மூடிவைத்தால் அப்படி மூடிவைத்தவருக்கும் தண்டனை உண்டு.

எனக்குக் கோபம் வந்த விஷயம் இது. முதல் வகுப்பு முடிந்த மூன்றாம் நாள், அவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் என் மகன் வளையத்துக்குள் நிற்கும் போட்டோ, முகம் தெளிவாக. என்னிடமும் கேட்கவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. நில் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்த இடத்திலேயே நில் சொல்ல அவனுக்கு வாய்ப்பு இல்லாமல் போயிருக்கிறது. உடனே போன் செய்தேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் பேசினேன். அக்கா மறுத்துப் பேசவில்லை, மன்னிப்புக் கேட்டார், ஒரு மணி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளின் படத்தையும் எடுத்துவிட்டார். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், இந்த வகுப்பு நடத்துகிறவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது வாரம் வாசலிலேயே ஒப்புதல் படிவம் வைத்திருந்தார்கள், பிள்ளையிடம் தனியாக "போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டார்கள், என் மகன் வேண்டாம் என்றான், எடுக்கவில்லை. அன்று ராத்திரி நானும் என் போனை எடுத்து, அவன் அம்மணமாகக் குளிக்கும் படம், அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் படம், குடும்ப குரூப்பிலும் ஸ்டேட்டஸிலும் போட்டவற்றில் அழிக்க முடிந்ததை எல்லாம் அழித்தேன். சிரிக்கட்டும் என்று போட்டவைதான். இனி அவர்களிடம் கேட்காமல் போடுவதில்லை.

மற்றபடி, ஏசி கிடையாது, மே மாதம் என்றால் வியர்த்துக் கொட்டும். நடுவில் சுண்டலும் எலுமிச்சை ஜூஸும் கொடுத்தார்கள். வகுப்பு முழுக்கத் தமிழில், அதுவும் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற தமிழில் நடந்தது, இதற்கே தனியாக மார்க் போடலாம். ஐந்துக்கு நான் கொடுப்பது மூன்றரை. போட்டோ விஷயத்துக்கு ஒன்று, புத்தகத்துக்கு அரை குறைத்திருக்கிறேன்.

அடுத்த பேட்ச் அரையாண்டு விடுமுறையில் இருக்கும் என்றார்கள். பதிவு செய்யும்போதே போட்டோ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். தெரு குறுகல், காரைக் கொண்டு போகாதீர்கள். முக்கியமாக அப்பாக்கள் முதல் சனிக்கிழமையே வாருங்கள், அந்தக் கைத்தாளை எழுதுவது அன்றைக்குத்தான். மகனையும் கூட்டி வாருங்கள். இடத்தின் பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.